முதல் கம்பி

பொள்ளாச்சி வீட்டுக் கூடத்தில் அன்று இருந்தவர்கள் ஐந்து பேர்: பெண் கவின்மலர், தந்தையில்லாத அவளை வளர்த்த பெரியப்பா ஆறுச்சாமி, மாப்பிள்ளை பிரணவ், அவன் தாய் சுகந்தி, வரைகருவியை இயக்க வந்த தங்கவேல். ஆறாவதாக யாரும் இல்லை. கதவோரம் நின்று பார்த்ததாக எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

மனவரைவு பார்க்காமல் தட்டு மாற்றும் வழக்கம் அப்போது கௌரவமான எந்த வீட்டிலும் இல்லை. மணிக்கட்டில் உணர்காப்பை மாட்டுவார்கள். அதிலுள்ள சில்லு நாடித்துடிப்பையும் தோலின் ஈரத்தையும் அளந்து, எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பிவழியே கருவிக்கு அனுப்பும். கருவி அந்த எண்களைத் தாமரையாக வரையும். மனம் அமைதியாக இருந்தால் வெள்ளை இதழ்கள் அசையாமல் நிற்கும்; கலங்கினால் சிவந்து துடிக்கும். காற்றுவழி அனுப்பினால் பக்கத்து வீட்டு மனமும் கலந்துவிடும் என்பதால் கம்பிதான் சட்டம். பெண்ணின் தாமரை சுவர் முழுக்க விரியும். அவளுக்குப் பொறுப்பேற்பவரின் தாமரை மூலையில் சிறிதாக நிற்கும்.

தங்கவேல் பெண்ணின் கம்பியைக் கையில் எடுத்தான்.

"அதென்னப்பா, அவளுக்கா மொதல்ல?" ஆறுச்சாமி தன் கையை நீட்டினார். "இந்த ஊட்டுல எனக்கு முன்னால யாருக்கும் எதும் வெச்சதில்ல."

"செரிங்கய்யா."

அவருடைய கம்பியைச் செருகிவிட்டுப் பெண்ணுடையதைச் செருகினான். இரண்டு தாமரைகளும் வெண்மையாக எழுந்தன.

சுகந்தி பெரியவரைப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. பொண்ணு சம்மதத்தோடதான முடிவு பண்ணீங்க?"

"பின்ன? எங்க குடும்பத்துல வேற மாதிரி நடக்குமா?"

சுவர்த் தாமரை ரத்தமாகச் சிவந்தது. இதழ்கள் கூரையை எட்டி எட்டித் துடித்தன. மூலைத் தாமரை அசையவே இல்லை.

பிரணவ் எழுந்துவிட்டான். "அம்மா, வா போலாம். இவங்க மனசுல வேற யாரோ இருக்காங்க."

"பெரியவர் பூவப் பாரு, கல்லாட்ட நிக்குது. பாவம், அவருக்கே தெரியல" என்றாள் சுகந்தி.

ஆறுச்சாமி கவின்மலர் பக்கம் திரும்பினார். "யாரு அவன்? சொல்லு அம்மணி! நம்ம மானத்தச் செவுத்துல ஓட்டிக் காட்டறியே, யாரு அவன்?"

அவள் தன் உணர்காப்பைக் கழற்றி வெற்றிலைத் தட்டின்மேல் வைத்தாள்.

மூலைத் தாமரை அணைந்தது. சுவர்த் தாமரை துடித்துக்கொண்டே இருந்தது.

தங்கவேல் கருவியிலிருந்து சுவர்த் தாமரைக்கான கம்பியை விரலால் தொட்டுக்கொண்டே வந்தான். விரல் பெரியவரின் மணிக்கட்டில் வந்து நின்றது.

"ஐயா... மொதல்ல செருகற கம்பியத்தான் இது பொண்ணுன்னு எடுத்துக்குமுங்க. எனக்கு அப்பத் தோணலீங்க."

ஆறுச்சாமி காப்பைக் கழற்றவில்லை. கழற்றினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். சுவர் இன்னும் வேகமாகத் துடித்தது.

"அப்ப, அசையாம நின்னது இவங்க பூவா?" பிரணவ் தங்கவேலிடம் கேட்டான். "அதுக்கு என்னங்க அர்த்தம்? சரிங்கறாங்களா, வேண்டாங்கறாங்களா?"

"கலக்கம் இருந்தாத்தாங்க கருவிக்குத் தெரியும். மத்தது எப்படிங்க தெரியும்?"

சுகந்தி கொண்டுவந்த தட்டுகளை மறுபடி அடுக்கினாள். அவர்கள் படி இறங்கும்போதும் வாசல் நடைவரை சிவப்பு வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது.

கவின்மலர் அத்தனை பேர் முன்னிலையில் மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவள் எதுவும் சொல்லவில்லை. சம்மதமா என்று அவளை இன்றுவரை யாரும் கேட்கவில்லை.