கரும்புப் பல்

"அசையாதீங்க ரெஜினா, இதான் கடைசிப் பல்லு!" என்றாள் டாக்டர் அங்கயற்கண்ணி.

பல்லச்சுப்பொறி ரெஜினாவின் வாய்க்குள் மூக்கை நுழைத்து ரீங்கரித்தது. எலும்புப்பொடியையும் அவளுடைய உயிரணுக்களையும் குழைத்து, இழை இழையாக அடுக்கி, ஐந்தே நிமிடத்தில் ஈறில் வேரூன்றிய பல்லை எழுப்பிவிட்டது.

நிலாக் குடியிருப்பின் அறுபத்து மூன்று பேரும் பத்து வருடமாகக் கூழே குடித்துப் பல்லைக் கெடுத்துக்கொண்டவர்கள். நாளை மறுநாள் பொங்கல். கண்ணாடிக் கூடத்தில் பலவேசம் அண்ணாச்சி வளர்த்த கரும்பு ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிறது. நிலாவில் விளைந்த முதல் கரும்பு! அதைக் கடிக்காமல் விடுவார்களா? ஆளுக்கு ஆறு முன்பல் என்று ஊரே அச்சடித்துக்கொண்டது. பலவேசம் மட்டும் வரவில்லை, கரும்புக்குத் தண்ணீர் விடவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. மிஞ்சிய பொடியை அங்கயற்கண்ணி தன் பற்களுக்குப் போட்டுக்கொண்டாள். அவளுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை கூடத்தின் இரும்புச் சட்டம் சரிந்து பலவேசத்தின் தாடையை நொறுக்கியது. உடனே புதுத் தாடை அச்சடிக்காவிட்டால் மூச்சு அடைத்துவிடும். பொடி டப்பாவோ காலி. அடுத்த கப்பல் வர நான்கு மாதம்.

அங்கயற்கண்ணி தன் புதுப் பற்களை நாக்கால் தடவினாள். அண்ணாச்சியின் உயிரை அல்லவா தன் வாயில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள்! பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தாள்.

"என்ன டாக்டரம்மா, வாயெல்லாம் ரத்தம்?" என்று ஓடி வந்தாள் ரெஜினா.

"பொடி வேணும். நம்ம எல்லார் வாயிலயும்தான் இருக்கு."

"அதுக்கென்ன, புடுங்குங்க! பல்லு போனா கூழக் குடிப்போம். அண்ணாச்சி போனா?"

பல் வைத்துக்கொண்ட அதே ஊர் மறுபடி வரிசையில் நின்றது. பிடுங்கிய பற்களை அரைத்து, பழைய உயிரணுக்களை நீக்கி, பலவேசத்தின் அணுக்களைச் சேர்த்தாள். மூன்று மணி நேரத்தில் பற்களோடு முழுத் தாடை தயார். அவர் நெஞ்சு ஏறி இறங்கியபோது ஊரே ஆரவாரம் செய்தது.

பொங்கலன்று பலவேசம் கண் விழித்தார். சுற்றிலும் பொக்கை வாய்கள் சிரித்தன.

"ஆறு வாரத்துக்கு எதையும் மெல்லக் கூடாது அண்ணாச்சி. கூழு மட்டும்தான்," என்றாள் அங்கயற்கண்ணி.

அவர் சைகையால் பலகை கேட்டார். ஒவ்வொரு வாயாகப் பார்த்துவிட்டு எழுதினார்:

"அப்பொ கரும்ப யாரு கடிக்கப் போறா?"