முத்திரை உடையாத தலைக்கவசம்

காலைக் காப்பி குடித்து முடித்ததும் தளவாய் செய்கிற முதல் வேலை, செத்துப்போன பையன்களின் பெயர்களைத் தேய்த்து அழிப்பது. தலைக்கவசத்தைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொள்வார். உள்ளே பொறித்திருக்கும் பெயரின் மேல் ஒரு துணியைப் போட்டு, துணிக்கடியில் கையை விட்டு அரத்தை ஓட்டுவார். பெயரைப் படிக்கக் கூடாது. செவ்வாய்க் கோளின் செந்தரை நகரத்தில் பழம் போர்ப்பொருள் விற்ற எல்லாருமே கடைப்பிடித்த ஒழுக்கம் அது. பெயருள்ள பொருள் குடும்பத்துக்கு, பெயரில்லாதது கண்டெடுத்தவனுக்கு என்று சட்டம் சொன்னது. அரம் எதற்கு என்று சட்டம் கேட்கவில்லை.

பனிச்சுரங்கங்களுக்காக நடந்த போர் முடிந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. துப்பாக்கி, குத்துவாள், பதக்கம் எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தாலும் சேகரிப்பாளர்கள் உயிரை விட்டது தலைக்கவசங்களுக்குத்தான். நெற்றிப் பக்கம் பதித்திருந்த குரல்மணிதான் காரணம். மிளகு அளவு இருக்கும். அணிந்தவன் சாகும்போது கடைசியாகப் பேசியதை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டார் கேட்கட்டும் என்றுதான் அரசாங்கம் அதை வைத்தது. ஆனால் ஒரே ஒரு முறைதான் கேட்கலாம். கேட்டு முடிந்ததும் மணி உருகிவிடும். ஆகவே கேட்டுவிட்ட கவசம் பழைய இரும்பு. மணியை மூடிய சிவப்பு அரக்கு முத்திரை உடையாத கவசம் பொன். வாங்கியவர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, உள்ளே ஒரு குரல் இருக்கிறது என்று விருந்தாளிகளிடம் பெருமையடித்துக்கொண்டார்கள். கேட்டவர் ஒருவரும் கிடையாது.

தளவாயின் ஒரே மகன் கைலாசமும் அந்தப் போருக்குத்தான் போனான். உடலும் வரவில்லை, கவசமும் வரவில்லை. என்றாவது அவன் கவசம் கைக்கு வரும் என்றுதான் தளவாய் இந்தத் தொழிலுக்கே வந்தார். முதலில் ஒவ்வொரு பெயரையும் படித்தார். எல்லாம் ஊரார் பிள்ளைகளின் பெயர்கள். படித்த பெயரைத் தேய்க்கக் கை வராது. தேய்க்காவிட்டால் அடுப்பு எரியாது. ஒரு நாள் அவரும் துணியைப் போட ஆரம்பித்தார். மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்!

அவர் மனைவி உலகம்மாள் கடைப்பக்கம் வருவதே இல்லை. பழைய வாடிக்கையாளர் ரொசாரியோ, காற்றுத் தொழிற்சாலைக்காரர், புதுவீட்டு விருந்துக்கு இருவரையும் வற்புறுத்தி அழைத்தபோது மட்டும் மறுக்க முடியாமல் கூடப் போனாள். கூடம் முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள். ஒரு பெட்டியின் முன்னால் நின்றவள், உள்ளே இருந்த கவசத்தின் மோவாய் வாரைப் பார்த்தபடி நகரவே இல்லை.

"இங்க பாருங்க. இந்த நாடிவார்ல பச்சைத் துணி வச்சுத் தச்சிருக்கு."

"இருக்கட்டும், வா."

"என் சேலைத் துணிங்க அது. வாரு நாடியில உரசுதும்மான்னு கைலாசம் சொன்னதுக்கு நாந்தான் தச்சுக் குடுத்தேன். என் தையல் எனக்குத் தெரியாதா?"

தளவாய் குனிந்து பார்த்தார். கவசத்தின் உட்புறத்தில் அரம் ஓட்டிய கோடுகள் இடப்பக்கம் சாய்ந்து தெரிந்தன. அவர் இடதுகைக்காரர்.

ரொசாரியோ கெட்டவர் இல்லை. விஷயத்தைக் கேட்டு உண்மையாகவே வருந்தினார். "அண்ணாச்சி, பேரு இருந்தா இந்த நிமிசமே எடுத்துட்டுப் போங்கன்னுதான் சொல்லணும், சட்டமும் அதான். ஆனா உள்ள வழவழன்னுல்லா இருக்கு. உங்க கைவேலைதானே?"

வீட்டுக்குத் திரும்பும் வழியில் உலகம்மாள் ஒன்றுதான் கேட்டாள். "ஒவ்வொரு பேரையும் படிச்சுப் பாக்கிறதாச் சொன்னீங்களே?"

தளவாய்க்கு அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை. ஒரு வாரம் ரொசாரியோ வீட்டுக்கு நடையாய் நடந்தார். கடையில் இருந்த துப்பாக்கி முதல் பதக்கம் வரை அத்தனையையும் கொடுத்து, அந்த ஒரு கவசத்தை மாற்றிக்கொண்டு வந்தார். சாயங்காலம் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முத்திரையை உடைக்கும் ஊசியைக் கையில் எடுத்த பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. ஊசியைக் கீழே வைத்தார்.

"உலகு, ஒண்ணு சொல்லணும். வார் அந்துபோன கவசத்துக்கு வேற கவசத்து வாரை மாட்டுவோம். முழுசா இருந்தாத்தான் விலை போகும். நானே எத்தனையோ மாட்டியிருக்கேன். வாரு நம்ம பிள்ளையோடதுதான். கவசம் யாரோடதுன்னு தெரியாது."

அவள் அந்தப் பச்சைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"திறக்காம இப்படியே வச்சிருவோமா? நாம இருக்கிற வரைக்கும் இது அவந்தான்னே இருக்கட்டுமே" என்றார். சொன்ன பிறகு, தன் வாடிக்கையாளர்கள் பேசுவதைப் போலவே இருப்பதாகப் பட்டது. வெட்கமாக இருந்தது.

உலகம்மாள் கவசத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "முப்பது வருசமா இதுக்குள்ள ஒரு பிள்ளை சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமக் கெடக்கு. யாரு பெத்ததா இருந்தா என்ன? ஒடைங்க."

அரக்கு சின்னச் சத்தத்தோடு உடைந்தது. கொஞ்ச நேரம் காற்றின் இரைச்சல். பிறகு, மீசை கூட முளைத்திராத ஒரு குரல்.

"அக்கா... விளக்க அணைச்சிராத. நான் வந்துருதேன்."

கைலாசத்துக்கு அக்கா கிடையாது. அவன் குரலும் இதுவல்ல.

"அணைக்கல ராசா. நீ வா" என்றாள் உலகம்மாள். மணி உருகிக் கண்ணீர்த்துளி போல மேசையில் விழுந்தது. யார் பெற்ற பிள்ளைக்கோ அவள் அழ ஆரம்பித்தாள். தன் பிள்ளைக்கு அழாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த அழுகையில் சேர்ந்து வந்தது. தளவாய் அவள் தோளைத் தொடப் போய், தொடத் தகுதியில்லை என்று கையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் மற்ற வியாபாரிகள் கூட்டமாக வீட்டுக்கு வந்தார்கள். துக்கம் விசாரிக்க வருகிறார்கள் என்று நினைத்து உலகம்மாள் பாய் விரித்தாள். அவர்கள் கையில் இனிப்புப் பொட்டலம் இருந்தது.

"பெரிய மனசு உங்களுக்கு, அண்ணாச்சி! முத்திரை உடையாததுல ஒண்ணு கொறைஞ்சுபோச்சுன்னு தெரிஞ்சதும் மிச்சத்துக்கெல்லாம் விலை எகிறிருச்சு. இனிமே எவனும் ஒண்ணைக் கூட ஒடைக்கமாட்டான்."

அன்று செந்தரையில் கண்ணாடிக் கடைக்காரர்களுக்கு ஓய்வே இல்லை. எல்லாரும் பெட்டிகளைக் கெட்டியாக்கிப் பூட்டை இரட்டையாக்கினார்கள். ஏதோ ஒரு கூடத்தில், ஏதோ ஒரு பெட்டிக்குள், யாரோ ஒருவரின் நாடிவாரை மாட்டிக்கொண்டு, கைலாசம் முன்னைவிடப் பத்திரமாக இருந்தான்.