எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை

ஆண்டைத் தவறாகச் சொல்லக்கூடும்; அந்த அளவுக்கு நினைவை நம்புவதற்கில்லை. ஆயுத பூசைக்கு மறுநாள் காலை என்பது மட்டும் உறுதி. அன்று சங்ககிரிச் சாலையில் ஒரு மின்லாரிகூட அசையவில்லை.

முந்தின நாள் மாரப்பன் தன் லாரிக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது மங்கையர்க்கரசியும் உடன் இருந்தாள். குளிருயிரை உருவாக்கியவள் அவள். நுண்ணுயிர்கள் மிதக்கும் பச்சைக் குழம்பு அது. மோட்டார் அதில் மூழ்கியிருக்கும். சூடேற ஏற அவை வெப்பத்தைத் தின்று செழிக்கும். மாரப்பனின் இரண்டு மோட்டார்கள் தொப்பூர் ஏற்றத்தில் கருகியிருந்தன. மூன்றாவதும் போனால் பழையபடி அடுத்தவன் லாரிக்கு டிரைவர்தான். சித்திரையில் குளிருயிரை ஊற்றினான். கத்தரி வெயிலிலும் ஒன்றும் ஆகவில்லை. ஆடிக்குள் ஊரே குளிருயிருக்கு மாறிவிட்டது.

"பழத்த நசுக்கிட்டுக் கிளம்பலையா மாரப்பண்ணா?"

"வருசம் பூரா ஓடுற வண்டிக்கு ஒரு நா லீவு குடுக்கப்படாதுங்களா அம்மிணி? நாளைக்கு நசுக்கிக்கலாமுங்க."

"எங்க ஆய்வுக்கூடத்து மோட்டார் மூணு வருசமா நின்னதே இல்ல."

"அது பாவமுங்க."

அவள் சிரித்தாள்.

மறுநாள் சாவியைத் திருகியதும் மோட்டார் ஒருமுறை முனகி அடங்கியது. பழம் முழுசாகவே இருந்தது. மங்கையர்க்கரசி மூடியைத் திறந்து விரலை விட்டாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"தயிராட்டம் உறைஞ்சு போச்சுங்களே," என்றான் மாரப்பன்.

வெயிலில், புழுதியில், மலையேற்றத்தில் எல்லாம் அவள் ஓட்டிப் பார்த்திருந்தாள். பிரை ஊற்றிய பாலை அசைக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஒரு முழு நாள் நிறுத்திப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

"இன்னொருக்கா திருகட்டுங்களா?"

"வேண்டாண்ணா! சிக்கின மோட்டார் கருகிடும். வெதுவெதுப்பா சூடு காட்டி இளக்கணும்."

அவன் சாவியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். கல்யாண அண்டாவில் வெந்நீர் வைத்து மோட்டார்ப் பெட்டியின் மேல் மாலைவரை ஊற்றினார்கள்.

மாரப்பனின் மோட்டார் பிழைத்தது. பொறுக்காமல் சாவியைத் திருகிய நானூறு பேருடையது கருகியது. மங்கையர்க்கரசி வேறு குளிரி தேடவில்லை. இதைவிட நல்லது இல்லை என்று ஊரே சொல்லிவிட்டது. இப்போது ஆயுத பூசையன்றும், குழம்பு உறையாமலிருக்க, மாலை போட்ட லாரிகள் சங்ககிரியைச் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. மாரப்பன் இன்னும் சொந்த லாரிக்காரன்தான். கடைசியாக அவன் ஒரு முழு நாள் வீட்டில் இருந்தது அந்தப் பூசையன்று.