அம்மாக்கண்ணு கேட்ட தேதி

காணாமல் போன நகை, களவு போன சைக்கிள், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப்போன மாப்பிள்ளை என்று எத்தனையோ தேடித் தரச் சொல்லி கனீஸ் ஃபாத்திமாவிடம் ஆட்கள் வந்ததுண்டு. தங்கை செத்த தேதியைக் கண்டுபிடித்துக் கொடுக்கச் சொல்லி ஒருத்தி வந்து நின்றது அன்றைக்குத்தான்.

கனீஸுக்கு வாணியம்பாடி பஜாரில் பழம்பொருள் கடை. ஐம்பதைத் தாண்டியவள். அவசரம் என்பது அவள் பேச்சிலும் இருக்காது, நடையிலும் இருக்காது. ஒரு பாத்திரத்தைக் கையில் வாங்கினால் அது எப்படிப்பட்ட வீட்டில் புழங்கியது என்று சொல்லிவிடுவாள் என்று சுற்றுவட்டாரத்தில் பேர். அவளுடைய தோழி கலைவாணி, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர்; கனீஸை அக்கா என்ற பொருளில் ‘ஆபா’ என்றுதான் கூப்பிடுவாள். பழைய பொருள் என்றால் கலைவாணிக்கு உயிர். ஆனால் பொருளை விட்டுவிட்டு, அதோடு சேர்த்து விற்கப்படும் கதைக்குத்தான் பெரும்பாலும் காசு கொடுத்துவிட்டு வருவாள். லீவு நாட்களில் இருவரும் கனீஸின் ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு செங்கம், ஆலங்காயம் என்று பழைய சாமான் விற்கிற இடமாகப் பார்த்துச் சுற்றுவார்கள். இந்த முறை ஜவ்வாது மலைமேல், ஜமுனாமரத்தூர் சந்தைக்கு வந்திருந்தார்கள்.

சந்தையின் ஓரத்தில் தேவராஜ் என்ற வியாபாரி தார்ப்பாய் விரித்திருந்தான். பித்தளைச் சொம்பு, அரிக்கேன் விளக்கு, கை உடைந்த தையல் மெஷின், பூட்டு இருந்து சாவி இல்லாத பெட்டிகள். அவனுடைய லோடு ஆட்டோவில் புதுப் பிளாஸ்டிக் குடங்களும் வாளிகளும் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. கலைவாணி ஒரு பீங்கான் ஜாடியைத் தூக்கியதும் அவன் குரலைத் தாழ்த்தினான். ஆரணிப் பக்கம் பெரிய வீடாம். வீட்டம்மா போன பொங்கலுக்குத் தவறிவிட்டாளாம். அன்றைக்குப் பூட்டிய வீட்டைப் பிள்ளைகள் இப்போதுதான் திறந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்களாம். கலைவாணிக்குக் கண் கலங்கிவிட்டது. பேரம் பேச மனசு வராமல் கேட்டதைக் கொடுத்தாள்.

ஜாடியோடு டீக்கடையில் வந்து உட்கார்ந்ததும், “பாவம் ஆபா, போன மாசம் செங்கத்துல இவர்கிட்ட ஒரு கடிகாரம் வாங்கினேனே, அதுவும் இதே மாதிரி, போன பொங்கலுக்கு வீட்டம்மா தவறின வீடுதான்” என்றாள்.

கனீஸ் ஜாடியைத் திருப்பி அடியைப் பார்த்துவிட்டு, ஜாடி நல்லாத்தான் இருக்கு என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் அம்மாக்கண்ணு வந்தாள். டீக்கடை வேடியப்பன் கை காட்டி அனுப்பியிருந்தான். தலைக்குக் குளித்த ஈரம் காயாமல், கையில் ஒரு மஞ்சள் துணிப்பையோடு நின்றாள். பக்கத்திலிருக்கும் புளியங்குப்பத்தில் சாமையும் கொள்ளும் போடுகிற குடும்பம். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை.

“பாயம்மா, பொருளைப் பாத்தா வூட்டைச் சொல்லுவீங்களாமே. எனக்கு வூடு கூட வாணாம். அது செத்த நாளு மட்டும் தெரிஞ்சா போதும். வருசத்துக்கு ஒருக்கா ஒரு படையல் போடணும்.”

பையிலிருந்து இரண்டு பித்தளைக் கரண்டிகளை எடுத்து டீக்கடைப் பலகையில் வைத்தாள். இரண்டும் ஒரே வார்ப்பு. காம்பின் நுனியில் ஒரே மாதிரி கொண்டை. அவளுடைய அம்மா திருப்பத்தூர் கடையில் ஜோடியாக வாங்கி, மகள்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்ததாம். ஒன்று இவளுடையது. மற்றது தங்கை ரஞ்சிதத்தினுடையது. அதைத்தான் காலையில் தேவராஜ் கடையில் பார்த்திருக்கிறாள்.

ரஞ்சிதம் வீட்டை விட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. புளி லோடு ஏற்ற வந்த லாரியின் டிரைவரோடு இறங்கிப் போனாள். அப்பா அன்றைக்கே அவளைத் தலைமுழுகிவிட்டார். அந்தப் பேரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்றார். அவர் கண்ணெதிரே யாரும் எடுக்கவும் இல்லை. போகும்போது அவள் கொண்டுபோனது உடுத்தியிருந்த சேலையும் இந்தக் கரண்டியும்தான். அப்பா இறந்து நாலு வருஷமாகிறது. அதைச் சொல்லி அனுப்பவும் ஒரு விலாசம் கிடையாது. பெங்களூர் என்றார்கள், ஓசூர் என்றார்கள். “பஸ்ல எங்க போனாலும் பொம்பளைங்க மூஞ்சியா பாத்துக்கினே போவேன், பாயம்மா. எறங்க வேண்டிய எடத்தை வுட்டுட்டு அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்குவேன்” என்றாள் அம்மாக்கண்ணு.

காலையில் கரண்டியைப் பார்த்ததும் இது யார் வீட்டுச் சாமான் என்று தேவராஜிடம் கேட்டிருக்கிறாள். வீட்டம்மா செத்துப் பூட்டிக் கிடந்த வீட்டிலிருந்து வந்த சாமான் என்றிருக்கிறான். எந்த ஊர், எந்தத் தெரு என்றதற்கு, அதையெல்லாம் சொன்னால் தொழில் என்னாவது என்று வாயை மூடிக்கொண்டான். அவன் சொன்ன விலையைக் கொடுத்துக் கரண்டியை வாங்கி, வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டு, தன்னுடைய கரண்டியையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இதைச் சொன்னபோது அவள் அழவில்லை. அழுகை எங்கோ தூரத்தில் நின்றுவிட்டது போலிருந்தாள்.

கலைவாணி இரண்டு கரண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவளுக்குத் துப்பறிவதில் கனீஸைவிட ஆர்வம் அதிகம். சட்டென்று முகம் மலர்ந்து, இது வேற கரண்டியா இருக்கலாம் ஆபா என்றாள். கடையில் ஒரே வார்ப்பில் எத்தனையோ விற்றிருப்பார்கள். தவிரவும் இரண்டும் ஒன்றுபோல் இல்லை. அம்மாக்கண்ணுவின் கரண்டி இடப்பக்க விளிம்பில் தேய்ந்திருக்கிறது, இது வலப்பக்க விளிம்பில்.

“உங்க தங்கச்சிக்கு எந்தக் கை பழக்கம்?” என்று கனீஸ் கேட்டாள்.

அம்மாக்கண்ணு நிமிர்ந்து பார்த்தாள். “பீச்சாங்கை. எங்கப்பாரு அதுக்கோசரம் எத்தினியோ தபா அடிச்சிருக்காரு. சோத்தை மட்டும் சோத்தாங்கையில துன்னப் பழகுனா. மத்தபடி அல்லாம் பீச்சாங்கைதான். எப்பிடிக் கேக்கறீங்க?”

கனீஸ் டீக்கடையில் பால் கலக்கும் கரண்டியை வாங்கி, ஒரு பாத்திரத்தின் அடியைச் சுரண்டிக் காட்டினாள். வலது கையால் பிடித்தால் கரண்டியின் இடது விளிம்புதான் சட்டியில் உராய்கிறது. ஆகவே வருஷக்கணக்கில் அந்தப் பக்கம்தான் தேயும். வலது விளிம்பு தேய்ந்திருந்தால் பிடித்தது இடது கை. இந்தக் கரண்டியில் வேறு எந்தப் பக்கமும் தேய்மானம் இல்லை. முதலிலிருந்து கடைசிவரை ஒரே கைதான் இதைப் பிடித்திருக்கிறது. “இது உங்க தங்கச்சியோடதுதான். அதுல சந்தேகம் இல்லை” என்றாள்.

கலைவாணிக்கு முகம் வாடிப்போயிற்று. ஆறுதல் சொல்லப் போய் உள்ள நம்பிக்கையையும் கெடுத்துவிட்டோமே என்றிருந்தது. அம்மாக்கண்ணு தலையை மட்டும் ஆட்டினாள். “அப்ப நாளை மட்டும் கேட்டுச் சொல்லுங்க” என்றாள்.

கனீஸ் கரண்டியைத் திருப்பினாள். முன்பக்கத்தைத் தேவராஜ் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தான். பின்பக்கம் காம்பு ஒட்டுகிற இடுக்கில் அவன் கை போகவில்லை. அங்கே நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். கலைவாணியிடமும் நீட்டினாள். மஞ்சளும் மிளகாயும் கலந்த குழம்பு வாசனை இன்னும் போகாமல் இருந்தது. பிறகு காம்பின் ஓட்டையில் மாட்டியிருந்த வளையத்தைத் தடவிப் பார்த்தாள். விரல் அகலத்தில் மெல்லிய தோல் துண்டு, ஓரத்தில் இரட்டைத் தையல். புகையோ எண்ணெயோ ஏறாமல் புத்தம் புதிதாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஏதோ மாறியது. எழுந்துகொண்டு, “வாங்க, அந்த ஆளைப் பாத்துட்டு வரலாம்” என்றாள்.

மத்தியான வெயிலில் தார்ப்பாயில் கூட்டம் இல்லை. மூன்று பெண்களையும் இரண்டு கரண்டிகளையும் சேர்த்துப் பார்த்ததுமே தேவராஜுக்கு வியர்த்தது. கனீஸ் சண்டை போடவில்லை. அவன் பக்கத்தில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல் பேசினாள்.

“தேவராஜு, இந்த டீச்சர் ஒரு ஜாடி வாங்கினாங்க. வூட்டம்மா போன பொங்கலுக்குச் செத்துட்டாங்க. செங்கத்துல ஒரு கடிகாரம் வாங்கினாங்க. அங்கயும் வூட்டம்மா போன பொங்கலுக்குச் செத்துட்டாங்க. காலையில இந்தம்மா ஒரு கரண்டி வாங்கினாங்க. அதே வூட்டம்மா மூணாவது தடவையும் செத்துட்டாங்க. ஒருத்தி எத்தனை தடவைதான் சாவா?”

கலைவாணி ஜாடியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

கனீஸ் தொடர்ந்தாள். மாசக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டுக் கரண்டியில் குழம்பு வாசனை எப்படி இன்னும் போகாமல் இருக்கும்? தோல் வளையமும் புதிது. பழையது அறுந்துபோய் யாரோ இப்போதுதான் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டியதில் மிஞ்சிய துண்டு அது. வாணியம்பாடியில் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் வீட்டில் சாவியும் கரண்டியும் இதில்தான் தொங்கும். ஆட்டோவில் இருக்கும் புதுக் குடங்களையும் கனீஸ் காட்டினாள். தெருத்தெருவாகப் போய்ப் பழைய பித்தளைக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுப்பதுதான் இவன் தொழில். சாவு வீட்டைக் காலி செய்கிறவர்கள் பதிலுக்குக் குடம் கேட்க மாட்டார்கள். நாளைக்கும் தண்ணீர் பிடிக்க வேண்டியவள்தான் கேட்பாள்.

“இந்தக் கரண்டியைக் குடுத்தவ இந்தம்மாவோட தங்கச்சி. அவ உசுரோட இருக்கா. ஷூ கம்பெனி லைன் வூடுங்கள்ல இருக்கா. எனக்குப் புரியாதது ஒண்ணுதான். புதுசா வளையம் மாத்திக் கட்டுற அளவுக்கு இதைப் பாத்துக்கிட்டவ, இதைப் போயி எதுக்கு ஒரு குடத்துக்குக் குடுத்தா? அதை நீதான் சொல்லணும்.”

அம்மாக்கண்ணுவின் கை லோடு ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

தேவராஜ் தலையைச் சொறிந்தான். சாவு வீட்டுக் கதை டவுன் ஆட்களுக்குச் சொல்வதாம். அப்படிச் சொன்னால்தான் அவர்கள் பொருளை நிஜமான பழசு என்று நம்புகிறார்களாம். இந்தம்மா யார் வீடு என்று கேட்டதும் பழக்கத்தில் அதே கதை வாயில் வந்துவிட்டது. “சத்தியமா தங்கச்சின்னு தெரியாதும்மா. நான் பாட்டுக்கு ஒரு பேச்சுக்குச் சொன்னேன்” என்றான். பிறகு நடந்ததைச் சொன்னான்.

போன வாரம் வாணியம்பாடிக்குப் பின்னால், ஷூ கம்பெனி வரிசை வீடுகளில் கூவிக்கொண்டு போனபோது ஒரு பெண் கூப்பிட்டாள். கையில் ஒரு பழைய பித்தளைச் சொம்பு இருந்தது. விலை பேசிக்கொண்டே, இதையெல்லாம் எங்கே கொண்டுபோய் விற்பாய் என்று கேட்டாள். ஜமுனாமரத்தூர் சந்தையில் என்றான். அதைக் கேட்டதும் அவள் விலை பேசுவதை விட்டுவிட்டாள். உள்ளே போய், அடுப்படியில் தொங்கிய இந்தக் கரண்டியை எடுத்து வந்தாள். சொம்பைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டாள்.

“இதுக்கு எதுவும் வாணாம்னுச்சு, பாயம்மா. சும்மா வாங்கக் கூடாதுன்னு நான்தான் ஒரு கொடத்தை வச்சிட்டு வந்தேன். கரண்டியைச் சந்தையில எல்லார் கண்ணுலயும் படற மாதிரி வைன்னுச்சு. விக்கலைன்னா அடுத்த வாரமும் கொண்டுபோய் வைன்னுச்சு. கிறுக்கு போலன்னு நெனைச்சிக்கினேன்.”

கனீஸ் கரண்டியை எடுத்து அம்மாக்கண்ணுவின் கையில் வைத்தாள். பிறகு அம்மாக்கண்ணுவைப் பார்த்து, “அவ இதை விக்கலை. உங்களுக்கு அனுப்பியிருக்கா. மலைமேல வரலாமா, கூடாதான்னு தெரியாம, அப்பா இருக்காரா இல்லையான்னும் தெரியாம, இதை அனுப்பிப் பாத்திருக்கா” என்றாள்.

அம்மாக்கண்ணுவுக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. சந்தைக்கு நடுவில், யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில்லாமல் அழுதாள். கலைவாணி அவளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டவளும் அழுதாள்.

கொஞ்சம் அடங்கியதும் அம்மாக்கண்ணு தேவராஜின் சட்டையைப் பற்றாத குறையாகக் கேட்க ஆரம்பித்தாள். இளைத்திருக்கிறாளா, முடி நரைத்துவிட்டதா, பிள்ளைகள் கண்ணில் பட்டார்களா. பத்து நிமிஷம் பார்த்த முகத்தை அவன் எவ்வளவுதான் சொல்லுவான். தெரிந்ததைச் சொன்னான். கண்ணாடி போட்டிருந்தாள், மெலிவுதான், உள்ளே ஒரு பெண்ணின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

“வேற இன்னா கேட்டா? எங்களைப் பத்தி எதுனா கேட்டாளா?”

தேவராஜ் யோசித்தான். “உங்களைப் பத்தி இல்லம்மா. நான் ஆட்டோவைக் கெளப்பறப்ப ஓடியாந்து ஒண்ணு கேட்டுச்சு. புளியங்குப்பம் கூட்ரோட்டுல பஸ்ஸு இன்னும் நிக்குதான்னு கேட்டுச்சு. எனக்கு இன்னா தெரியும். தெரியாதுன்னுட்டு வந்துட்டேன்.”

“நிக்குதுன்னு சொல்லியிருக்கக் கூடாதாடா” என்றாள் அம்மாக்கண்ணு.

அதில் கோபம் இல்லை. ஏக்கம்தான் இருந்தது. தேவராஜ் கரண்டிக்கு வாங்கிய பணத்தை எடுத்து நீட்டினான். அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

கனீஸ் அவனிடம் எத்தனையாவது வரிசை, வாசலில் என்ன அடையாளம் என்று கேட்டுக்கொண்டாள். தினமும் கடைக்குப் போகிற வழியில் அவள் தாண்டிப் போகும் தெருதான். இங்கே ஒருத்தி பஸ் பஸ்ஸாக முகம் பார்த்துக்கொண்டிருக்க, அவள் தேடும் முகத்தை எத்தனை முறை கடந்து போயிருக்கிறோமோ என்று கனீஸ் நினைத்துக்கொண்டாள். வேனின் கதவைத் திறந்து, ஏறுங்க என்றாள்.

அம்மாக்கண்ணு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சொல்லவில்லை. சேலையை மாற்றிக்கொள்கிறேன் என்றும் சொல்லவில்லை. வேடியப்பனிடம் தகவல் சொல்லச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். வேன் காவலூர் தாண்டி வளைவுகளில் இறங்கத் தொடங்கியபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

“எதிர்ல போய் நின்னா, மொதல்ல இன்னா சொல்றது, பாயம்மா? அப்பாரு செத்ததைச் சொல்றதா? இத்தினி வருசமா எங்கடி இருந்தேன்னு கேக்கறதா?”

“அவ கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. அது போதும்” என்றாள் கனீஸ்.

அம்மாக்கண்ணு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆலங்காயம் வரும்வரை, பஸ்ஸு நிக்குதுடி ரஞ்சிதம், அதே எடத்துலதான் நிக்குது என்று சன்னமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.