பத்து நாள் பழக்கம்

மூன்றாம் எண் அறையில் தொண்ணூற்றாறு எலிகள். ஒவ்வொரு கூண்டுக்கு மேலும் அந்த எலியின் இரத்த அழுத்தம் பச்சை எண்ணாகச் சுவரில் மின்னிக்கொண்டிருந்தது. காலை பதினோரு மணிக்கு இடப்பக்க அலமாரியில் 178, 180, 177. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் புறம், வலப்பக்க அலமாரியில் 150, 152, 151. இரண்டு பக்கத்துக்கும் ஒரே உப்புத் தீனிதான். வலப்பக்கத்து எலிகளுக்கு மட்டும் தீனியோடு 'சாந்தினி' என்ற மருந்தும் போனது. அந்த வித்தியாசத்தின் மேல்தான் இயக்குநர் மாசிலாமணி தன் மிச்ச வாழ்க்கையையே கட்டி வைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மருந்தேற்புக் குழு வருகிறது. எலி தேறினால் மனிதன் தேறிய மாதிரி என்று சட்டமே வந்துவிட்ட காலம் அது. குழு தலையாட்டினால் போதும், திங்கட்கிழமை முதல் நாட்டில் பிரஷர்காரர்கள் அத்தனை பேரும் அவருடைய மாத்திரையை விழுங்க ஆரம்பித்துவிடுவார்கள். தலையாட்டாவிட்டால் மாசிலாமணி ஓய்வு பெற வேண்டியதுதான். ஓய்வு பெற்ற மாசிலாமணியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும்.

உலகத்தில் மரியாதைக்குத் தகுந்த ஆளாக அவருக்கு ஒருவர்தான் தெரிந்தார். அவரையும் கண்ணாடியில்தான் பார்க்க முடிந்தது. ஆனாலும் மனிதர் வெறும் தம்பட்டம் இல்லை. நாடிக்கண்ணைக் கண்டுபிடித்தவர் அவர்தான். கூரையில் பதிக்கும் பொத்தான் அளவுக் கருவி அது. ஒவ்வொரு துடிப்பிலும் எலியின் காதில் இரத்தம் நிறையும்போது அங்கிருந்து திரும்பும் வெளிச்சம் துளி மங்கும். ஒரு கணம் கழித்து வாலிலும் மங்கும். அந்த இடைவெளியை வைத்து நாடிக்கண் அழுத்தத்தைக் கணக்குப் போட்டுவிடும். ஊசி வேண்டாம், அறுவை வேண்டாம், எலியைத் தொடவே வேண்டாம்.

அதற்கு முன்னால் இருந்தது வால்பட்டைக் காலம். எலியை ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் நுழைத்து, வாலை இதமாகச் சூடாக்கி, அதில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து அளப்பார்கள். குழாயைக் கண்டாலே எலிக்கு வெலவெலத்துப் போய் அழுத்தம் எகிறும். எனவே அளக்கும் முன்பு பத்து நாள் பழக்க வேண்டும். அதே ஆள், அதே நேரம், அதே அங்கி. புதுச் சோப்பு கூடாது, தலைக்கு வாசனை எண்ணெய் கூடாது. முதல் நாள் குழாயைக் காட்டி ஒரு சூரியகாந்தி விதை, மறுநாள் குழாய்க்குள் வைத்து ஒரு விதை என்று போகும். அந்த ஆய்வு மையத்தில் இந்த வேலையில் தேர்ந்தவர் விலங்கறைப் பணியாளர் சகாயராணி. இருபத்திரண்டு வருஷமாக எலிகளைப் பழக்கி வந்தவர்.

மாசிலாமணி அதை 'எலித் தாலாட்டு' என்பார். மாணவராக இருந்தபோது ஒரே ஒரு எலியைப் பழக்க முயன்று, அது அவர் கட்டைவிரலைப் பதம் பார்த்த கதையை மட்டும் சொல்லமாட்டார். நாடிக்கண் வந்த அன்றே பத்து நாள் பழக்கத்தை ஒழித்தார். தொடாத கருவிக்கு எதற்குப் பழக்கம் என்று கேட்டார். பதில் தெரிந்தவர்களும் குழாய்களை எடுத்துப் பரணில் போட்டார்கள்.

நாடிக்கண் எலிகளை மட்டும் பார்க்கவில்லை. தோல் என்று ஒன்று தெரிந்தால் அதற்கு எண் போட்டுவிடும். மாட்டிய முதல் வாரம் அறைக்குள் வந்த மனிதர்களுக்கும் சுவரில் எண் ஓடியது. இயக்குநர் நுழைந்ததும் பணியாளர்கள் ஐந்து பேருடைய எண்களும் ஒரே சமயத்தில் தாவின. மாசிலாமணி இதைக் கருவிக் கோளாறு என்று முடிவு கட்டி, மனித எண்களைச் சுவரில் காட்டக் கூடாது என்று எழுத்தில் ஆணையிட்டார். இவ்வளவு பெரிய மூளைக்கு இதற்கு மேல் ஒரு விளக்கம் தோன்றவில்லை.

இரவும் பகலும் ஓயாமல் அளக்கும் கருவி அது. அதை வைத்துக்கொண்டு அவர் செய்தது என்ன தெரியுமா? வால்பட்டைக் காலத்து மாதிரியே தினம் ஒரே ஒரு அளவைப் பதிவு செய்தார். காலை பதினோரு மணிக்கு, தன் கையால், தன் முன்னிலையில். பதினோரு மணிக்கு வந்தால்தான் கூடவே வருகையாளர்களையும் அழைத்து வர முடியும். அத்தர் மணக்க உள்ளே வருவார். விரலில் புஷ்பராகக் கல் வைத்த ராசி மோதிரம். உலகமே மெச்சும் விஞ்ஞானிக்கு ஜோசியர் பரிந்துரைத்தது. இடப்பக்க அலமாரி நெடுக நடந்துகொண்டே ஒவ்வொரு கூண்டையும் அந்த மோதிரத்தால் டக் டக் டக்கென்று தட்டி, "மருந்தில்லாத பரிதாபங்கள்" என்று காட்டுவார். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு இப்பாலேயே நின்று, உதட்டில் விரல் வைத்து, வலப்பக்கம் சாந்தினியின் அமைதி நிலவுகிறது, தொந்தரவு செய்யக் கூடாது என்பார். அப்புறம்தான் பதிவுப் பொத்தானை அமுக்குவார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

புதன்கிழமை சகாயராணி அவரை வழிமறித்தார்.

"சார், ஒண்ணு சொல்லோணுங்க. மத்த நேரமெல்லாம் ரெண்டு பக்கமும் ஒரே பிரஷர்தானுங்க. நீங்க வந்து தட்டுறப்ப இந்தப் பக்கம் மட்டும் ஏறுது. நீங்க போயி அரை மணி நேரத்துல எறங்கிருது."

மாசிலாமணி சிரித்தார். எலிக்கு இயக்குநர் யார், எடுபிடி யார் என்று தெரியுமா என்று கேட்டார். எட்டாம் வகுப்பு இயற்பியலாவது படித்திருந்தால் ஒளி எலியைப் பயமுறுத்தாது என்று புரிந்திருக்கும் என்றார். சகாயராணி, தான் சொன்னது ஒளியை இல்லை என்று ஆரம்பித்தார். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மாலையே சகாயராணியைக் கூண்டு கழுவும் பிரிவுக்கு மாற்றி ஆணை வந்தது.

வெள்ளிக்கிழமை வந்த குழுவில் நாலு பேர் போண்டாவுக்கும் காபிக்கும் வந்தவர்கள். பதினோரு மணி அட்டவணையைப் பார்த்ததும் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார்கள். ஐந்தாவதாக, தலைவர் தெய்வானை. கோபமோ சிரிப்போ இல்லாமல் பேசுகிற பெண்மணி. பதினோரு மணி அளவு மட்டும் போதாது, முழு நாள் பதிவும் கதவு திறந்து மூடிய நேரமும் வேண்டும் என்றார். எலிக்குக் கதவைப் பற்றி என்ன கவலை என்று மாசிலாமணி கிண்டலடித்தார். தெய்வானை இரண்டு பதிவுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவரில் போட்டார். இடப்பக்கத்துக் கோடு நாள் முழுக்கத் தரையோடு தரையாகப் போய், பதினோரு மணிக்கு மட்டும் சுவரேறிக் குதித்தது. தினமும், தவறாமல், அவர் கதவைத் திறந்த அடுத்த நிமிஷம்.

தற்செயல் என்றார் மாசிலாமணி. மின்னழுத்தம் என்றார். பணியாளர்களின் சதி என்றும் சொல்லிப் பார்த்தார். சரி, பத்து நாள் நீங்கள் வராமல் இருங்கள், பார்ப்போம் என்று தெய்வானை அவரை வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பத்து நாளும் அவர் வீட்டில் யாருக்கு என்ன ஏறியது என்று அளக்க அங்கே நாடிக்கண் இல்லை.

பதினோராம் நாள் வெளியே நின்று கதவுக் கண்ணாடி வழியாகச் சுவரைப் பார்த்தார்கள். இடப்பக்கம் 151. வலப்பக்கம் 151. சாந்தினி சாப்பிட்டதும் ஒன்றுதான், சாப்பிடாததும் ஒன்றுதான். போண்டா தின்ற நாலு பேரும் இதைத் தாங்கள் அன்றைக்கே சந்தேகித்ததாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

"இப்ப நீங்க உள்ளே போங்க," என்றார் தெய்வானை.

மாசிலாமணி போனார். அத்தர் வாசனை முன்னால் போனது. இன்னும் கையைக்கூடத் தூக்கவில்லை. 160, 169, 175, 181. இடப்பக்கத்து நாற்பத்தெட்டு எலிகளும் தத்தம் கூண்டின் மூலையில் ஒண்டின. தடுப்புக்கு அந்தப் புறம், மோதிரத்தின் சத்தத்தை அருகில் கேட்டறியாத எலிகள் 151-லேயே மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தன. அவர் வெளியே வந்தார். அவமானம் பிடுங்கித் தின்றது. மோதிரக் கையை அங்கிப் பைக்குள் மறைத்துக்கொண்டார்.

வேறு ஊராக இருந்தால் ஆளைத் துரத்தியிருப்பார்கள். நம் குழு அப்படி எதையும் வீணாக்காது. எலிக்கு அழுத்தத்தை ஏற்றுவதற்கு உப்புத் தீனி, சிறுநீரகத்தில் அறுவை என்று உலகம் பூராவும் படாத பாடு படுகிறார்களே, இங்கே தொடாமல், அறுக்காமல், ஒரே நிமிஷத்தில் முப்பது புள்ளி ஏற்றும் சாதனம் கைவசம் இருக்கிறதே என்று அந்த நாலு பேரில் ஒருவருக்கு உதித்தது. தெய்வானைக்கு இதில் சம்மதமில்லை. நாலுக்கு ஒன்று என்று தீர்மானம் நிறைவேறியது. மாசிலாமணி இனி இயக்குநர் இல்லை. அவர் அழுத்தமேற்றி, கருவி எண் 417. சம்பளம் குறையாது. தினம் பதினோரு மணிக்கு நுழைய வேண்டும், மூன்று நிமிஷம் நடக்க வேண்டும், கூண்டுக்கு மூன்று முறை தட்ட வேண்டும். அத்தரையும் மோதிரத்தையும் மாற்றக் கூடாது. அங்கியில் எண் ஒட்டினார்கள்.

அவர் ராஜினாமா செய்திருக்கலாம். வெட்கம் உள்ளவர் செய்திருப்பார். அவர் ஒரு வாரம் யோசித்து, உலகத்திலேயே தன்னைப் போல இன்னொரு அழுத்தமேற்றி இல்லை என்ற முடிவுக்கு வந்தார். கண்ணாடி முன் நின்று புருவத்தை நெரித்துப் பழகினார். தன்னைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வரும் என்று பழைய நண்பர்களுக்குத் தகவல் சொன்னார். தட்டுவதில் ஒரு தனி நடை வேண்டும் என்று வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை பார்த்தார்.

தெய்வானையும் சும்மா இருக்கவில்லை. நடந்த கூத்துக்குப் பிறகு இரண்டு விதிகளைக் கொண்டுவந்தார். நாடிக்கண் பார்ப்பது எதையும் மறைக்கக் கூடாது, மனித எண்களும் சுவரில் தெரிய வேண்டும் என்பது ஒன்று. அறைக்குள் புதிதாக வரும் எந்தக் கருவிக்கும் பழையபடி பத்து நாள் விலங்குகளைப் பழக்கிய பிறகே ஆய்வு தொடங்க வேண்டும் என்பது இன்னொன்று. சகாயராணி விலங்கறைக்குத் திரும்பி வந்தார். விதியைப் படித்துவிட்டு, இது அழுத்தமேற்றிக்கும் பொருந்துமா என்று குழுவுக்கு எழுதிக் கேட்டார். தெய்வானை வெளியூர் போயிருந்தார். மற்ற நாலு பேரும் கூடிப் பேசி, 'எந்தக் கருவிக்கும்' என்று விதியில் தெளிவாக இருக்கும்போது இதில் கேட்க என்ன இருக்கிறது என்று பதில் அனுப்பினார்கள். சகாயராணி கடிதத்தை மடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டார்.

நாற்பத்தெட்டுப் புது எலிகள் வந்தன. உப்பில்லாத சாதாரணத் தீனி தின்கிற, 120-க்கு மேல் போகாத எலிகள். முதல் நாள் மாசிலாமணி நுழைந்து தட்டினார். 155. அவர் முகம் மலர்ந்தது. பின்னாலேயே வந்த சகாயராணி ஒவ்வொரு தட்டுக்கும் கூண்டுக்குள் ஒரு சூரியகாந்தி விதையைப் போட்டார். என்ன இது என்று கேட்டதற்கு விதி என்றார். மூன்றாம் நாள் 146. ஐந்தாம் நாள் 133. மாசிலாமணி ஓங்கித் தட்டினார். விதை விழுந்தது. ஏழாம் நாள் முறைத்தார், காலைத் தரையில் உதைத்தார், வால்பட்டைக் காலத்து வசவுகளை எல்லாம் எடுத்து விட்டார். எலிகள் கம்பிக்கு அருகே வந்து பின்னங்காலில் எழுந்து நின்றன.

பத்தாம் நாள் அவர் கதவைத் திறந்ததும், அத்தர் வாசனைக்கே நாற்பத்தெட்டு எலிகளும் முன்னால் ஓடி வந்தன. அவர் மோதிரத்தால் தட்டினார். 118, 119, 117. இன்னொரு முறை தட்டினார். கல் தெறித்து எங்கோ உருண்டது. ஒரு எலி கம்பி வழியாக அவர் விரல் நுனியை முகர்ந்து பார்த்து, விதை இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டது. கடிக்கவில்லை.

இனி தன்னைக் கண்டு யாருக்கும் எதுவும் ஏறாது என்று அவருக்கு அந்த நிமிஷம் விளங்கியது. முன்பு பயந்தவர்கள் இப்போது அங்கி எண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பயப்பட மிச்சமிருந்தவை இந்த எலிகள்தான். அவையும் போயின. ஏறாத அழுத்தமேற்றியைக் குழு எத்தனை நாள் வைத்துக்கொள்ளும் என்று நினைத்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

சுவரில் எலி எண்கள் எல்லாம் பச்சையாக இருந்தன. ஓரத்தில் ஒன்று மட்டும் சிவப்பாக மின்னியது. 196. எந்தக் கூண்டு என்று அவர் தேடினார். கூண்டு எதுவும் இல்லை. எண்ணுக்குப் பக்கத்தில் 'கருவி 417' என்று எழுதியிருந்தது.

சகாயராணி அந்த எண்ணையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். அவர் முகத்தில் ஏளனம் இருந்ததா என்று மாசிலாமணி தேடினார். அதுகூட இல்லை. இருபத்திரண்டு வருஷமாக எலிகளைப் பார்க்கிற அதே பார்வைதான்.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார்," என்றார் சகாயராணி. "பத்து நாளைக்கு இங்கயே வந்து சும்மா உக்காருங்க. பழகிரும்."

சொல்லிவிட்டு டப்பாவிலிருந்து நாலு சூரியகாந்தி விதைகளை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். மாசிலாமணி எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஒரு விதையை வாயில் போட்டுக்கொண்டார். சுவரில் 196 போய் 191 வந்தது. சகாயராணி நேரத்தைப் பார்த்து அதைக் குறித்துக்கொண்டார்.