அதிபர் வீட்டு முற்றம் வெடித்த கதை

"பேரரசுகள் வெடித்துச் சிதறியதற்கெல்லாம் உள்ளே இருந்த ஒரு துரோகிதான் காரணம்" என்று ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் செல்வராசா தொலைபேசியில் அறிவித்தார். அவர் சொன்ன பேரரசு, மல்லாவியில் அவருடைய வீட்டு முன்னால் கார் நிறுத்தப் போட்ட கொங்கிறீற்றுத் தரை. கார் இன்னும் வாங்கவில்லை.

துரோகி, மேசன் ராசு. சீமெந்தைக் களவெடுத்துக் கலவையைக் குறைத்துவிட்டான் என்பது குற்றச்சாட்டு. கோயில் மடத்துக்குத் தரை போடும் வேலை ராசுவுக்கா இல்லையா என்று அன்று பின்னேரம் நிர்வாகசபை முடிவெடுக்கவிருந்தது. சபைத் தலைவர் செல்வராசா.

தரையைச் சோதிக்க அதிபர் தொலைபேசியில் அழைத்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் சுதர்சினியை ஓட்டோவில் ஏற்றி வந்த கிருபன், வழியிலேயே வழக்கை முடித்துவிட்டான்.

"ராசுதான் கள்ளன், மிஸ். புதுச் சைக்கிள் ஒண்டு வச்சிருக்கிறான்."

"சைக்கிள் சீமெந்திலை செய்யிறேல்லை, கிருபன்."

தரை முழுவதும் மீன்வலை விரித்தாற்போல் மெல்லிய வெடிப்புகள். வாசல் பக்கத்தில் அதிபரின் பெயரும் மூன்று பட்டங்களும் சிவப்புச் சாயத்தில் பளபளத்தன. சுதர்சினி குந்தியிருந்து ஆணியால் தரையைக் கீறினாள். தூள் வரவில்லை. பஸ் ரிக்கற்றின் ஓரத்தை ஒரு வெடிப்பில் நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

சுவரிலிருந்த துருப்பிடித்த கொளுக்கி தொடங்கி முருங்கைமரம் வரை, ஒன்றரை அடி அகலத்துக்கு மட்டும் தரை பழுதில்லாமல் கிடந்ததைக் கிருபன்தான் முதலில் கண்டான். என்ன அர்த்தம் என்று தெரியாவிட்டாலும் தலையை ஆட்டி வைத்தான்.

"தண்ணி ஊத்தினீங்களோ, சேர்?" என்று சுதர்சினி கேட்டாள்.

"ஏழு நாளும். காலமையும் பின்னேரமும். என்ரை கையாலை."

படலையடியில் நின்ற ராசு மெதுவாகச் சொன்னான்: "ஈரச்சாக்கு போட்டு ஏழு நாளைக்குத் தண்ணி ஊத்தணும்னு சொல்லிட்டுத்தான் போனேன், மிஸ். மறுநாள் செட்டிகுளத்துல அண்ணன் மக கல்யாணம்."

அதிபரின் மனைவி கமலாட்சி தேத்தண்ணி கொண்டுவந்தார்.

"அக்கா, இந்தக் கொளுக்கி என்னத்துக்கு?"

"உடுப்புக் கொடி, பிள்ளை. தரை போட்ட சித்திரை முழுக்க இதிலைதான் இவரின்ரை பெனியன், உடுப்பெல்லாம் காயவிட்டனான். பெரிய ஆக்கள் வாற வாசல் எண்டு பிறகு கழட்டிப்போட்டார்."

"பிழிஞ்சு போடுறனீங்களோ?"

"கைநோ பிள்ளை, பிழிய ஏலாது. சொட்டச் சொட்டத்தான்."

சுதர்சினி தேத்தண்ணியை ஆறுதலாகக் குடித்து முடித்தாள்.

"சீமெந்து குறைஞ்சிருந்தா ஆணி கீறத் தூள் பறக்கும். பறக்கேல்லை. வெடிப்பு மேல்தோலிலைதான், சித்திரை வெயிலிலை ஈரமில்லாமல் கெதியாக் காய்ஞ்ச தரை இப்பிடித்தான் சுருங்கும். எல்லாம் ஒரே நாள் போட்ட ஒரே கலவை. கொடிக்குக் கீழை மட்டும் வெடிக்கேல்லை. அங்கை மட்டும்தான் தண்ணி விழுந்திருக்கு, சேர்."

அதிபர் வாசல் பக்கம் கைகாட்டினார். "ஊத்தினா பேரெழுத்து கரைஞ்சு போமெண்டு…"

கிருபன் சிவப்பு எழுத்துகளைப் பார்த்தான். ஒரு புள்ளிகூடக் கரைந்திருக்கவில்லை.

"கம்பித் தூரிகையாலை தேய்ச்சுக் கழுவி, ஈரத்தோடை சீமெந்துப்பால் பூசி, மூண்டு நாளைக்கு ஈரச்சாக்குப் போடுங்கோ. மடத்துத் தரையை ராசு போடட்டும். தண்ணி ஊத்திறதை வேறை ஆரிட்டையாவது குடுங்கோ."

அன்று பின்னேரம் மடத்து வேலை ராசுவுக்கே கிடைத்தது. உழைப்பாளியின் நேர்மை பற்றித் தலைவர் முக்கால் மணித்தியாலம் பேசினார்.

அவருடைய முற்றத்தில் வெடிக்காமல் நின்றது, அவருடைய உள்ளாடைகள் சொட்டிய ஒன்றரை அடி.