தெத்துப்பல்

பிணவறைக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. பெரிய மருத்துவமனையின் பின்பக்கம், துணி துவைக்கும் கூடத்தைத் தாண்டியதும் வாடையே வழி சொன்னது. பினாயில், ஈரத்துணி, அவற்றுக்கு அடியில் பெயர் சொல்ல முடியாத இன்னொன்று.

அவள் கையில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. கோணல்மாணலான பற்களுக்குக் கம்பி போட்டு வரிசைப்படுத்துவது அவள் தொழில். ‘கிளிப் டாக்டர்’ என்றால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும். செத்தவர்கள் வாயை அவள் இதுவரை பார்த்ததில்லை.

“வாங்க டாக்டர். பயப்படாதீங்க, இங்க யாரும் கடிக்க மாட்டாங்க” என்றார் இன்ஸ்பெக்டர். தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டுக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மேசைமேல் ஒரு மண்டையோடு. ஊருக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரியில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தபோது எலும்புகளோடு கிடைத்தது. இரண்டு வருடமாவது தண்ணீருக்குள் கிடந்திருக்கும் என்று பிணவறை மருத்துவர் கணித்திருந்தார். துணி இல்லை, வேறு அடையாளம் இல்லை. கீழ்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் ஒட்டியிருந்த மெல்லிய கம்பி மட்டும்தான். கிளிப்பைக் கழற்றிய பிறகு பற்கள் பழைய இடத்துக்கு ஓடிவிடாமல் இருக்க ஒட்டுகிற கம்பி அது. அதன் படத்தைப் போலீஸ் எல்லாப் பல் மருத்துவர்களுக்கும் அனுப்பியிருந்தது. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முனையை அப்படி உள்பக்கமாக மடக்குவது அவள் கை.

பெட்டியிலிருந்து பிளாஸ்டர் அச்சை எடுத்து மண்டையோட்டின் பக்கத்தில் வைத்தாள். சிகிச்சை முடிந்த அன்று எடுத்த அச்சு. பழைய எக்ஸ்ரேயை விளக்குக்கு நேராகப் பிடித்து, மண்டையோட்டுக்கு எடுத்திருந்த புதிய எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டாள். வேர் வளைந்த கோரைப்பல், இடம் உண்டாக்குவதற்காகப் பற்களைப் பிடுங்கி மூடிய இடைவெளி, எல்லாமே அச்சு அசலாக ஒன்று.

“என் பேஷன்ட்தான் சார். ஸ்கூல் படிக்கும்போது வந்தான். மேல ரெண்டு பக்கமும் தெத்துப்பல்.”

பெட்டிமேல் இருந்த பெயரைப் படித்த இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை இறக்கினார்.

“இந்தப் பையனைக் காணோம்னு அவங்கம்மா புகார் கொடுத்தாங்க. ஆனா போன மழைக்காலத்துல அவங்களே வந்து வாபஸ் வாங்கிட்டாங்களே?”

“ஏன்?”

“பையன் வீட்டுக்கு வந்துட்டான்னு. பெட்டி ஏதாவது மாறிப்போச்சா பாருங்க டாக்டர்.”

பெட்டி மாறலாம். வாய் மாறாது. இருந்தாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அவனைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

வீடு ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. நல்ல வெயில். ஜீப்பை நிறுத்தியதும் இன்ஸ்பெக்டருக்கு போன் வந்துவிட்டது. “நீங்க போங்க, வந்துடறேன்” என்று சைகை காட்டினார்.

அம்மாக்காரி தையல்காரி. முன்னறை முழுக்க வெட்டுத்துணியும் நூலுமாக இருந்தது. டாக்டரை உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

“உள்ளதான் இருக்கான். பகல்ல கொஞ்சம் மந்தமா இருப்பான்.”

வெளியே அவ்வளவு வெயிலடித்தும் உள்ளறைத் தரை சில்லென்று இருந்தது. பாசி பிடித்த பழந்தண்ணீர் வாடை. ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். கட்டிலில் ஒருவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

“என்னப்பா, என்னை ஞாபகம் இருக்கா?”

திரும்பினான். அதே முகம். அவளுக்கு உயிர் வந்தது. பெட்டிதான் மாறியிருக்கிறது, நல்லவேளை!

அப்புறம்தான் அவன் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பார்த்தாள்.

கைப்பையிலிருந்து டார்ச்சையும் வாய்க்குள் விடும் சின்னக் கண்ணாடியையும் எடுத்தாள்.

“எங்க, ஆ காட்டு.”

காட்டினான்.

கீழே கம்பி இல்லை.

மேலே இரண்டு தெத்துப்பற்களும் ஈறின்மேல் ஏறி நின்றன. முதல்முறை நாற்காலியில் வந்து உட்கார்ந்த அன்று இருந்தது போலவே. கம்பி போனால் பற்கள் நகரும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் தன் கையால் பிடுங்கிப் போட்ட பற்கள்கூட அங்கே இருந்தன.

பிடுங்கிய பல் திரும்ப முளைக்காது.

கண்ணாடியை இன்னும் உள்ளே கொண்டுபோனாள். எந்த வாயிலும் நொடியில் மங்கிவிடும் கண்ணாடி. துடைத்துத் துடைத்துத்தான் அவள் வேலை செய்வாள்.

மங்கவில்லை.

அந்த வாய்க்குள்ளிருந்து மூச்சே வரவில்லை.

“மூடிக்கலாமா டாக்டர்?”

குரல் கேட்டது. திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சமையலறை வாசலில் தையல்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“சத்தமா எதுவும் சொல்லிடாதீங்க.”

“அம்மா, அது உங்க…”

“தெரியும்.” குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. “வந்து நின்னு சிரிச்சான். அப்பவே தெரிஞ்சுபோச்சு. கிளிப் வேணாம்டான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். பசங்க கிண்டல் பண்றாங்கன்னு அடம்பிடிச்சான். எனக்கு அந்தத் தெத்துப்பல்னா உசுரு டாக்டர். அதோடவே வந்துட்டான்.”

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“அவனுக்குத் தெரியாது” என்றாள் தாய். “தான் செத்துட்டோம்னு அவனுக்குத் தெரியாது. நீங்க எழுதிக் கொடுத்துட்டா எலும்பைக் கொண்டுவந்து கொடுத்துடுவாங்க. நான் அடக்கம் பண்ணியாகணும். அப்புறம் இவன் எங்க போவான்?”

டாக்டர் கையை விடுவித்துக்கொண்டு வெயிலுக்கு ஓடினாள்.

இன்ஸ்பெக்டர் அப்போதுதான் போனை வைத்தார். “பையன் இருக்கானா?”

“நீங்களே போய்ப் பாருங்க சார்.”

போனார். திரும்பி வந்தபோது ஜோக் எதுவும் அடிக்கவில்லை. “யாரும் இல்ல. மெத்தை மட்டும் தொப்பலா நனைஞ்சிருக்கு. அந்தம்மா பாட்டுக்கு மிஷின்ல தைச்சுக்கிட்டு இருக்காங்க.”

அன்றைக்கே அறிக்கையில் கையெழுத்துப் போட்டாள். வேறு என்ன செய்ய முடியும்? குவாரியில் கிடந்தது ஒரு பிள்ளை. அவனுக்கு ஒரு பெயர் உண்டு. அடக்கத்துக்கும் போனாள். தாய் அழவில்லை, அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகு எந்த வாயைத் திறந்தாலும் அவள் முதலில் கண்ணாடி மங்குகிறதா என்றுதான் பார்த்தாள். மங்கிய பிறகே வேலையைத் தொடங்கினாள். நாளாக ஆக அதுவும் பழகிப்போனது.

கிளினிக்கில் கூட்டமில்லாத ஒரு காலைநேரத்தில் தையல்காரி வந்தாள். முகம் தெளிந்திருந்தது. இளைத்த உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது.

“உங்க மேல கோபமெல்லாம் இல்ல டாக்டர். நீங்க உங்க வேலையைப் பார்த்தீங்க” என்றபடி எதிரே உட்கார்ந்து, ஒரு துணிமுடிச்சை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

உள்ளே ஒரு பல். அரிசி போலச் சின்னது. பால்பல்.

அதன் அடியில் ரத்தம் இன்னும் காயவில்லை.

“ரெண்டு நாளா ஆடிட்டே இருந்துச்சு. இன்னிக்கு விழுந்ததும் பயந்துட்டான். ஒரே அழுகை. பல்லு திரும்ப முளைக்கும்டான்னா நம்ப மாட்டேங்கிறான். நீங்க சொன்னா கேட்டுப்பான்.”

“யாரு?” என்றாள்.

தையல்காரி முகமெல்லாம் சிரிப்பாகக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவன்தான் டாக்டர், மறுபடி வந்துட்டான். வெளியே பெஞ்சுல உக்காரவெச்சிருக்கேன். கூப்பிடட்டுமா?”

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் மெல்ல உள்ளே வந்துகொண்டிருந்தது.

யாரும் கூப்பிடவில்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டது, கைப்பிடிக்கு வெகு கீழே, ஒரு குழந்தையின் கை எட்டும் உயரத்தில்.